ஐந்து நிமிட அமெரிக்கா

செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டினால் மிளகுப்பால் உண்டு. தனக்கே புரியாததை ஊருக்கு வாசித்துவிட்டு மறுநாள் கடைத்தெருவில் நடக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு மருந்து கிடையாது. போடியில் ஒரு லோக்கல் கேபிள் சேனலில், அமெரிக்கத் தேர்தல் சமயத்தில், தினமும் ஐந்து நிமிடம் அந்த நாட்டு அரசியலை விளக்கியவள் நான். "பாக்க ஆளிருந்தா ஓடட்டும்மா, இல்லேன்னா பாட்டைப் போட்டுருவேன்" என்பது முதலாளி காதர் அண்ணன் வைத்த நிபந்தனை. அந்த ஐந்து நிமிடத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு, மைக் பிடித்துப் பிழைத்தவர்களுக்குப் புரியும்.

யார் பக்கம்?

ஸ்விங் ஸ்டேட் என்றால் எந்தக் கட்சிக்கும் தன்னை எழுதிக் கொடுத்துவிடாத மாநிலம். வேட்பாளர்கள் அங்கேயே பழியாய்க் கிடப்பார்கள். இதைச் சொல்ல, மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளைப் பிடித்துக்கொண்டேன். தேவாரம் ஊர்ப் பெண்கள் என்றைக்கும் ஒரே ஜீப்பில்தான் ஏறுவார்கள். அவர்களை யாரும் கூப்பிடுவதுகூட இல்லை. சிலமலைப் பெண்கள் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. அவர்களுக்குத்தான் எல்லா டிரைவரும் "வாங்க ஆத்தா" போடுவார்கள் என்றேன்.

அடுத்த வாரம், சிலமலையிலிருந்து காயெடுக்கப் போகும் பேச்சியக்கா என்னைச் சந்தையில் மறித்தார். ஒரு ஜீப்பில் பதினாறு பேரைத் திணித்து மலையேற்றினால் இனி ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். பத்துப் பேருக்கு மேல் இல்லை என்று இரண்டு டிரைவர்கள் உடனே இறங்கி வந்துவிட்டார்களாம். "டிவியில நீ சொல்ற வரைக்கும் எங்களுக்கு இம்புட்டு மவுசு இருக்குன்னே தெரியாது தாயி."

பேசியே கவிழ்ப்பது

பிடிக்காத மசோதா ஓட்டுக்கு வராமலிருக்க, செனட்டில் ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பது ஃபிலிபஸ்டர். எங்கள் கேமராமேன் முருகேசன் இதில் அசரவே இல்லை. ஜீப் ஸ்டாண்டை இடம் மாற்றலாமா என்று டிரைவர்கள் கூடியபோது, மாற்றுவதில் இஷ்டமில்லாத அவருடைய மாமா எழுந்து, போடிமெட்டு ரோடு போட்ட கதையில் தொடங்கி மகள் கல்யாணச் சாப்பாடு வரைக்கும் பேசினாராம். கை தூக்கச் சொல்வதற்குள் தோட்டத்து ஆட்களைத் திரும்ப ஏற்றிவரும் நேரமாகி, ஜீப்புகள் கிளம்பிவிட்டன. ஸ்டாண்டு இன்னும் அதே இடத்தில்தான். "எங்க மாமா தப்பித்தவறி போடியில பொறந்துட்டாருக்கா."

கூடுதல் ஓட்டில் தோல்வி

நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவரும் அங்கே தோற்கலாம். மாநிலம் மாநிலமாகத்தான் கணக்கு; ஒன்றில் கொஞ்சம் முந்தினாலும் அந்த மாநிலம் பெரும்பாலும் மொத்தமாக அவருக்கே. எலெக்டோரல் காலேஜ் என்ற இந்த ஏற்பாட்டை மூன்று நாள் விளக்கினேன். காதர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்டார்.

தேர்தல் முடிந்ததும், என் ஐந்து நிமிடம் தொடரட்டுமா, பாட்டா என்று கேபிள் இழுக்கும் ஆட்களை விட்டு வீடு வீடாகக் கேட்டார். மொத்தத்தில் எனக்கே கூடுதல். குதித்தேன். ஆனால் எனக்கு விழுந்ததெல்லாம் போடி டவுனில் குவிந்திருந்தது. சுற்றுக் கிராமங்களில் கொஞ்சம் கொஞ்சம் பாட்டு முந்தியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "ஊரூராத்தானம்மா எண்ணணும்? நீதான மூணு நாளா படிச்சுப் படிச்சுச் சொன்ன."

போகப்போகிறவர்

தோற்ற பிறகும் அடுத்தவர் வரும்வரை நாற்காலியில் இருப்பவரை லேம் டக் என்பார்கள். மாதக் கடைசிவரை நானும் அப்படித்தான் இருந்தேன். இனி யாரையும் பிடித்துவைக்க வேண்டியதில்லை என்பதால், புரிந்ததைப் புரிந்த மாதிரி, புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லி வாசித்தேன். அந்தப் பதினைந்து நாள் போல ஒரு சுகத்தை அதற்குப் பிறகு எந்த வேலையிலும் நான் பார்க்கவில்லை. கடைசி நாள் விளக்கை அணைத்துவிட்டு முருகேசன் சொன்னார்: "தோத்த பெறகுதான்க்கா நீங்க நல்லா வாசிக்கிறீங்க."

இப்போது அந்த ஐந்து நிமிடத்தில் பாட்டுத்தான் ஓடுகிறது. நல்ல பாட்டாகவே போடுகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.