நடுக் கண்மாயில் நின்ற படகு

முகைதீன் பிச்சை ராவுத்தர் கை வைத்த எஞ்சின் இரண்டாம் தடவை பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை. அவரே சொல்வார், நாளைக்கு நாலு தடவை சொல்வார். மதுரை தெற்குவாசலில் அவர் பட்டறை. அரிசி மில் எஞ்சினோ, பஸ்ஸோ, அச்சாபீஸ் மெஷினோ, எது படுத்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். எஞ்சினைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்வார். "ஏண்டி, நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்த? இன்னிக்கு என்னா வந்துச்சு?" என்று அவர் கேட்கிற தோரணையில் அது பதில் சொல்லிவிடுமோ என்றிருக்கும். மனிதர் தங்கம். பெருமை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

நான் ஹாலாஸ்யம். அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஜமீனில் குமாஸ்தா. முப்பத்தாறாம் வருஷம் எங்கள் ஜமீன்தாருக்குப் படகு ஆசை பிடித்தது. கொச்சியில் எவனோ வெள்ளைக்காரன் ஓட்டித் தேய்த்த மோட்டார் படகை வாங்கி, லாரியில் ஏற்றிவந்து எங்கள் கண்மாயில் இறக்கினார். வருஷத்தில் ஆறு மாதம் மாடு மேய்கிற கண்மாய்! கேட்க எனக்கு என்ன அதிகாரம்? புரட்டாசியில் வாய்க்கால் தண்ணீர் வந்து கண்மாய் நிரம்பியதும், ராவுத்தர் வந்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

படகோட்டுகிற வேலை விருமாண்டிக்குக் கிடைத்தது. அதுவரை தொழுவத்தில் சாணி அள்ளியவன். கால்சட்டையும் தொப்பியும் கொடுத்ததும் ஊரே டிரைவர் என்பதை 'டைவர்' ஆக்கி அவனைக் கூப்பிட ஆரம்பித்தது. அவன் பெண்டாட்டி அன்னக்கொடிகூட, "எங்க டைவரைப் பாத்தீகளா சாமி? கஞ்சி ஆறுது" என்றுதான் என்னிடம் விசாரிப்பாள். சொல்லும்போதே அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

ஆயுத பூஜை முடிந்த கையோடு பிடித்தது சனியன். படகு கரையிலிருந்து ஜோராகக் கிளம்பும். நடுக் கண்மாய்க்குப் போனதும் இருமும், விக்கும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் நோண்டினால் மறுபடி கிளம்பும். பத்து நிமிஷத்தில் மறுபடி நிற்கும். இதற்குள் ஜமீன்தார் மகளுக்குத் தலைதீபாவளி வந்துவிட்டது. புது மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டவேண்டுமாம். மானேஜர் பட்டாபிராமன் விருமாண்டியைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை உக்காந்திருக்கச்சே நின்னுதோ, படகு பழைய இரும்புக் கடைக்கு. நீ பழையபடி தொழுவத்துக்கு. தெரிஞ்சுதா?"

அன்று முழுக்க அவன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

ராவுத்தருக்கு ஆள் விட்டோம். "நான் பாத்த எஞ்சினா நிக்கிது? இருக்கவே இருக்காது!" என்று குதித்துக்கொண்டே வந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோலைத் துணியில் வடிகட்டினார். படகைக் கரையில் கட்டிப்போட்டு, டாங்கி மூடியைத் திறந்துவைத்து, பெட்ரோல் எப்படி இறங்குகிறது என்று பார்த்தபடியே ஒரு மணி நேரம் ஓட்டினார். வண்டு மாதிரி ரீங்காரம். மூடியைப் போட்டுக் கண்மாய்க்குள் கொண்டுபோனால் பழைய குருடி கதவைத் திறடி. இப்படியே இரண்டு நாள் போயிற்று.

"மாமா, நடுக்கம்மாயில முனி இருக்கு. அதுதேன் மறிக்கிது" என்றான் விருமாண்டி. எங்கள் பக்கம் ராவுத்தர்மாரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முனிக்கு இங்கிலீஸ் எஞ்சின நிறுத்தத் தெரியுமாடா மாப்ள? தெரிஞ்சா அதையே பட்டறையில வேலைக்கு வச்சுக்கிருவேன்!"

தீபாவளிக்கு முதல் நாள், என்னதான் நடக்கிறது என்று பார்த்து வரும்படி மானேஜர் என்னையும் படகில் ஏற்றிவிட்டார். எனக்கோ நீச்சல் தெரியாது. நடுக் கண்மாயில் வழக்கம்போல் நின்றது. நான் மீனாட்சியைக் கூப்பிட ஆரம்பித்தேன். ராவுத்தர் எஞ்சினைத் திட்டக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்கி மூடியைத் திருகினார். உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"சாமி, கேட்டீகளா?"

"பாம்பா?" நான் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டேன்.

"காத்து சாமி! உள்ள போகுது!" மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அதன் மேல் அடை அடையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். "மாப்ள, இது யாரு வேல?"

"நாந்தேன் மாமா" என்றான் விருமாண்டி பெருமையாக. "ஆயுத பூசைக்கு வச்சேன். நிக்க ஆரம்பிச்சதுலருந்து தெனமும் குளிச்சிட்டு வந்து வைக்கிறேன். பாருங்க, பொட்டு வைக்கத் தோதா வெள்ளக்காரனே குழி விட்டிருக்கான்!"

"அடப்பாவி! அது மூக்குடா! பெட்ரோல் எறங்க எறங்க அந்தத் தொளை வழியாத்தான் காத்து உள்ள போகணும். மூக்க அடச்சுப்புட்டு ஓடு ஓடுன்னா எப்புடிடா ஓடும்?"

விருமாண்டியின் அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியைப் பிடுங்கித் துளையைக் குடைந்தார். எஞ்சின் கிளம்பியது. கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றியும் நிற்கவில்லை. ராவுத்தர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இனிமே பொட்ட நெத்தியில வையி மாப்ள, மூக்குல வைக்காத!" நானும் சிரித்தேன். விருமாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நாந்தேன் கெடுத்தேனா மாமா? மானேசருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே தொப்பியப் புடுங்கிருவாரே."

ராவுத்தர் சிரிப்பு நின்றது.

கரையில் மானேஜரும் பாதி ஊரும் காத்திருந்தார்கள். "என்ன கோளாறு?" என்றார் மானேஜர்.

"டாங்கி மூடியில தொளை அடச்சிருந்துச்சு சாமி. எடுத்தாச்சு. இனிமே நிக்காது."

"யார் அடைச்சது?"

விருமாண்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். நான் வானத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்ய, எனக்கும் வேலை வேண்டுமே.

"புரட்டாசியில மாட்டுனது நாந்தான" என்றார் ராவுத்தர். "தொளையக் கவனிக்காம விட்டுட்டேன். என் தப்புத்தான்."

"நன்னாயிருக்கு ஓய்! உம்ம தப்பைக் கண்டுபிடிக்க உமக்கு மூணு நாளா? அடுத்த தடவை மதராஸ்லேர்ந்து ஆளை வரவழைச்சுக்கறேன்."

அத்தனை பேர் முன்னால் ராவுத்தர் தலை குனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையும் பெண்ணும் படகில் சுற்றினார்கள். தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டு விருமாண்டி ஓட்டினான். அன்னக்கொடி கரையில் நின்று போட்ட குலவை அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

பத்து நாள் கழித்து மதுரைக்குப் போனேன். மானேஜர் பேச்சு எனக்கு முன்னாலேயே தெற்குவாசலுக்குப் போயிருந்தது. பட்டறையைக் கடக்கிறவனெல்லாம், "என்ன ராவுத்தரே, மூடியத் தொறந்து வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

"இப்பவே மானேஜர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லிடப்போறேன். உமக்கு என்ன ஓய் தலையெழுத்து?"

"பேசாம இருங்க சாமி" என்றார், ஒரு பஸ் எஞ்சினுக்குள் கையை விட்டபடி. "எனக்கு மதுரையில நூறு எஞ்சின் இருக்கு. அவனுக்கு அது ஒண்ணுதான?"