நான்காம் டிரையரில் பஞ்சு குறைந்தபோது

என் சித்தி வேலை செய்யும் சலவைக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் போன மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். "டிரையர் பிரிவு ஊழியரின் கவனக்குறைவால் தீ விபத்து" என்று அதில் இருந்தது. பெயர் போடவில்லை. அந்தப் பிரிவில் இருப்பதே ஒரே ஓர் ஊழியர்தான். அப்புறம் பெயர் எதற்கு?

சித்தி அங்கே பதினோரு வருடமாக இருக்கிறாள். விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளும் துண்டுகளும் துவைத்து முடிந்ததும் அவளிடம் வரும். மொத்தம் ஆறு டிரையர்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உள்ளே உட்காரும் அளவு. சூடான காற்றில் துணி உருளும்போது நூலிலிருந்து பஞ்சு உதிரும். அடியில் இருக்கும் கம்பி வலை அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொள்ள, காற்று மட்டும் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். பஞ்சுதானே என்று நினைக்கக் கூடாது. குழாய்க்குள் அது சேர்ந்தால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலத்தான்.

இரண்டு தடவை துணி போட்டு எடுத்ததும் சித்தி வலையை உருவி உள்ளங்கையால் வழித்துவிடுவாள். கூரான எதையும் வலைமேல் படவிட மாட்டாள். சாயங்காலம் அவள் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். துணி மடிக்கும் பெண் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சுமிட்டாய் அக்கா.

சித்திக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு டிரையரிலும் வழித்த பஞ்சைத் தனித்தனி வாளியில் போட்டு, அன்றைக்கு எவ்வளவு உயரம் வந்தது என்று தகர அலமாரிக் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். "பஞ்சுக்கு ஜாதகம் எழுதுறியாக்கா?" என்று மடிக்கும் பெண் கேலி செய்வாள். சித்தியும் சிரித்துக்கொண்டே கோடு போடுவாள்.

அந்தக் கோடுகளில்தான் நான்காம் எண் இறங்க ஆரம்பித்தது. ஒரு சாண் வந்துகொண்டிருந்த பஞ்சு நாலு விரற்கடை ஆயிற்று, பிறகு இரண்டு விரற்கடை. துணி என்னவோ அதே துணிதான். ஆனால் நாற்பது நிமிடத்தில் காய்ந்தது இப்போது ஒரு மணி நேரம் பிடித்தது. வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூலையில் கட்டைவிரல் நுழையும் அளவு கிழிசல்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பஞ்சு கம்மியா வருதுன்னா நல்லதுதானேம்மா? உனக்கும் வேலை மிச்சம்."

"உதிர்றது குறையல சார். வலையில நிக்கிறதுதான் குறையுது. மிச்சமெல்லாம் குழாய்க்குள்ள போய் உக்காந்திருக்கு."

கூரைக் குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றரை வருடமாக யாரும் தொடவில்லை. தொட வேண்டுமென்றால் அரை நாள் இயந்திரங்களை நிறுத்த வேண்டுமே! இந்த வேலை நெருக்கடி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்று வாரம் இதையேதான் சொன்னார். மூன்றாம் வாரக் கடைசியில் சித்தி நான்காம் எண்ணின் மின்சாரத்தை அணைத்து, எரிவாயுக் குழாயையும் மூடிவிட்டாள். "மிஷின் என்ன உன் வீட்டுச் சொத்தா?" என்று கேட்டு, சூப்பர்வைசர் அவளை மூன்று நாள் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். அவள் வாசலைத் தாண்டியதும் தானே அதை ஓடவிட்டார்.

இரண்டாம் நாள் குழாய் தீப்பிடித்தது. புகையைப் பார்த்த ஒருவர் விரிப்புகளைக் காப்பாற்ற டிரையர் கதவைத் திறக்கப் போனாராம். திறந்தால் காற்று உள்ளே போய்த் தீ பெரிதாகும் என்று சித்தி எப்போதோ சொன்னது மடிக்கும் பெண்ணுக்கு நினைவிருந்தது. அவரைப் பிடித்து இழுத்து, மின்சாரத்தை அணைத்து, எரிவாயுவையும் மூடிவிட்டு எல்லோரையும் வெளியே விரட்டியிருக்கிறாள். யாருக்கும் காயம் இல்லை. கூரையில் ஒரு பக்கம் மட்டும் கருகிப்போயிற்று.

மறுநாள்தான் அந்தத் தாள் ஒட்டப்பட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். தீ வைத்தவள் என்று பெயரெடுத்தால் வேறு எந்தச் சலவைக்கூடம் சேர்க்கும்? "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயேன்" என்றார் சித்தப்பா. அன்று முழுக்க அவருக்குப் பதில் சொன்னவை சமையலறைப் பாத்திரங்கள்தான்.

அடுத்த நாள் காலை சித்தி வெறுங்கையோடு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். நேராக முதலாளியை அழைத்துக்கொண்டு போய் அலமாரிக் கதவின் முன் நிறுத்தினாள். ஐந்து வரிசைக் கோடுகள் ஒரே மட்டமாக இருந்தன. நான்காவது மட்டும் படிக்கட்டு மாதிரி கீழே இறங்கியிருந்தது. அந்த டிரையரின் வலையை எடுத்துக் கிழிசலுக்குள் கட்டைவிரலை நுழைத்துக் காட்டினாள்.

இவள் தேய்த்துத் தேய்த்துத்தான் கிழிந்தது என்றார் சூப்பர்வைசர்.

மடிக்கும் பெண் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "அக்கா லீவு போட்ட அன்னிக்கு ஒட்டிக்கிட்ட பஞ்சை ஸ்க்ரூடிரைவரால நோண்டினது நீங்கதானே சார்? நான்தானே டார்ச் புடிச்சேன்."

முதலாளி கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்தார். பிறகு, "சரி விடும்மா. நடந்தது நடந்துபோச்சு. கடிதாசியெல்லாம் வேணாம், நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார். ஏதோ அவர் இவளை மன்னித்ததுபோல!

சித்தி நகரவில்லை. "பலகையில இருக்கிற தாள் சார்?"

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

"நான் படிச்சேன்."

கூடத்தில் எல்லோரும் கையிலிருந்த வேலையை நிறுத்தியிருந்தார்கள். சூப்பர்வைசரே போய், நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தாளைப் பிய்த்து எடுத்தார். ஒரு மூலை மட்டும் வரவில்லை. அதுவும் வரும்வரை சித்தி பின்னாலேயே நின்றாள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்பக்கத்துச் சத்தம் உறைத்திருக்க வேண்டும். மற்ற ஐந்து டிரையர்களும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் குழாய்களையாவது திறந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். சூப்பர்வைசர் கையிலிருந்த தாளை மடிக்க ஆரம்பித்தார். சித்தி போய் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஐந்தாவதும் சுற்றி ஓய்ந்தபின், ஏணி எங்கே என்று கேட்டாள். மிஷின் யார் வீட்டுச் சொத்து என்று இந்தத் தடவை ஒருவரும் கேட்கவில்லை.