எந்த வேன் என்று கேட்ட குரல்

நான் காரைக்குடியில் வக்கீல். பிள்ளைகளின் தகவல்களைப் பாதுகாக்கப் புதிய சட்டம் வந்த பிறகு, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய் அதை விளக்குவதும் என் வேலையாகிவிட்டது. பெரும்பாலும் காபி தருவார்கள், தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள்.

அந்தத் தனியார் பள்ளியிலும் அப்படித்தான் தொடங்கியது. மாலை, பள்ளி விடும் நேரம். தாளாளரும் தலைமையாசிரியையும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பள்ளியின் முகநூல் பக்கத்தையே திறந்து காட்டினேன். பேச்சுப் போட்டியில் ஜெயித்த ஏழாம் வகுப்புச் சிறுமி கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே முழுப்பெயர், வகுப்பு, பிரிவு.

"இதைப் போடுறதுக்கு அவுக வீட்ல சம்மதம் வாங்குனீகளா?" என்று கேட்டேன்.

தாளாளர் சிரித்தார். "பிள்ளை பரிசு வாங்குனதைப் போட்டா சந்தோஷந்தானே படுவாக? நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் யாரு மேடம் கேஸ் போடப் போறாக?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளை போன வருசந்தான் சேர்ந்துச்சு. அப்பா பக்கத்துல இருந்து யாரு வந்தாலும் எனக்குச் சொல்லாம அனுப்பிராதீகன்னு அவுக அம்மா அழுதாக. அந்த அப்பா இவுக பக்கத்துல வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவே இருக்கு. அடிச்ச அடியில அந்தம்மா ஆஸ்பத்திரியில கெடந்திருக்கு."

"படம் போடுறவுகளுக்கு இது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அவுக கஷ்டத்த எதுக்கு வெளிய சொல்லணும்னு நான்தான் மூடி வச்சிருந்தேன்."

 முதலில் படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கச் சொன்னேன். பக்கத்தைக் கவனிக்கும் அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"இந்தப் பிள்ளையோட மாமா மத்தியானம் போன் பண்ணுனாருங்க. திடீர்னு போயி வாழ்த்தணுமாம். எந்த வேன்ல போகும், எங்குட்டு எறங்கும்னு கேட்டாரு. பிள்ளையார்பட்டி வேன், கோயில் ஆர்ச்சுகிட்ட எறங்கும்னு சொன்னேன்."

தலைமையாசிரியை எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "அவுக அம்மாவுக்குக் கூடப் பொறந்தவுகளே கெடையாது!"

வாசலுக்கு ஓடினோம். வேன் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. ஓட்டுநரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்ததே தாளாளர்தான். அவர் தன் காரை எடுத்தார். தலைமையாசிரியை முன்னாலும் நான் பின்னாலும் ஏறிக்கொண்டோம். தலைமையாசிரியை சிறுமியின் அம்மாவுக்குப் போன் போட்டார், நான் காவல் நிலையத்துக்குப் போட்டேன். உத்தரவு, அப்பாவின் அடையாளம், இடம் என்று கேட்டதையெல்லாம், தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டுச் சொல்லச் சொல்ல, சொன்னேன். 

குன்றக்குடியில் பிள்ளைகளை இறக்க நின்றிருந்த வேனைப் பிடித்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிறுமி, தலைமையாசிரியையைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்கு என்னாச்சு டீச்சர்?"

"ஒண்ணும் ஆகலத்தா. அம்மா வாராக, நீ எறங்கு."

அவள் நம்பவில்லை. போனில் அம்மா பேசிய பிறகுதான் இறங்கினாள். அந்த அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. "பிள்ளை உங்க கையில இருக்கா? கையப் பிடிச்சிருக்கீகளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சிறுமியின் அப்பா பிள்ளையார்பட்டி ஆர்ச் பக்கத்தில், கோயிலுக்கு வந்தவர்களோடு நின்றிருந்தார். போலீஸ் அங்கேயே பிடித்தது. மகளைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாராம். இருக்கலாம். எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தாளாளரே கூப்பிட்டார். ஆசிரியர்கள், அலுவலகம், வேன் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் வகுப்பெடுக்கச் சொன்னார்.

"இனிமே பிள்ளைக படமே போடக்கூடாதா மேடம்?" என்று வகுப்பில் அவரே கேட்டார்.

"போடலாங்க. பெத்தவுககிட்ட கேட்டுட்டுப் போடுங்க. வேண்டாம்னா ஏன்னு கேக்காதீக."

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அலுவலகப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நல்லாத்தான் பேசுனாரு மேடம்" என்றாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த வாரமே சிறுமியின் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் இருக்கச் சம்மதிக்கவில்லை. எந்த ஊருக்கு என்று தலைமையாசிரியை கேட்கவில்லை. கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.