ராணி இறங்கிய படிகள்

அண்ணன் கல்யாணம் முடித்து மதினியை டெல்லிக்குக் கூட்டி வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எண்பதுகளின் தொடக்கம். அப்பா ரிடையராகி, அம்மாவோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டிருந்தார். சரோஜினி நகரில் அண்ணனுக்குக் கிடைத்த அரசாங்க குவார்ட்டர்ஸில் தங்கி நான் காலேஜ் போய்க்கொண்டிருந்தேன். மதினி என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். இந்தியில் அவளுக்குத் தெரிந்தது 'சரி' என்பதற்கான 'அச்சா' மட்டும். பால்காரன் 'நாளைக்குப் பால் கிடையாது' என்றாலும் அச்சா, பக்கத்து வீட்டம்மா 'உடம்பு சரியில்லையா' என்றாலும் அச்சா.

அப்போது ஒரு மாயாஜாலப் படம் மூன்று பாகங்களாக வந்திருந்தது. தண்ணீருக்கு அடியில் ராஜ்ஜியம் நடத்தும் ஒரு ராணியின் கதை. தமிழில் டப் செய்து அவள் ஊர் டூரிங் டாக்கீஸ் வரைக்கும் வந்திருக்கிறது. மூன்றையும் மதினி மனப்பாடமாக வைத்திருந்தாள். சாயங்காலம் கோதுமை பொறுக்கிக்கொண்டே வசனம் வசனமாகச் சொல்லுவாள். ராணி எந்தப் படியில் கொலுசைக் கழற்றி வைப்பாள், எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து பாம்பு வரும், எல்லாம்.

ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மதினி, அது இங்கே டெல்லியில எடுத்ததுதான்" என்றேன். என் காலேஜ் தோழியின் மாமா ஷூட்டிங்குக்கு லைட் வாடகைக்கு விடுகிறவர். அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். செங்கோட்டை, குதுப்மினார் மாதிரி எல்லோரும் போகிற இடங்கள் இல்லை. காட்டுக்குள் ஒரு இடிந்த மண்டபம், மெஹ்ரோலி தாண்டி ஒரு பாழடைந்த கட்டிடம், கன்னாட் பிளேஸ் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய படிக்கிணறு. ராணி இறங்கி வருவது அந்தப் படிக்கிணற்றில்.

மதினி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "நெசமாவா? நாம போய்ப் பாக்கலாமா?"

"வர்ற சனிக்கிழமை போலாம் மதினி."

அந்த வெள்ளிக்கிழமை தோழிகளும் மறுநாளே அதே இடத்துக்குப் போக முடிவு செய்தார்கள். நாலு பேர், ஒரு கேமரா, எல்லோரும் சேலை கட்டி ராணி மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வது. என் மதினியும் வருவாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன வாரம் பஸ்ஸில் அவள், "ஏளா, இங்கன எடம் கெடக்கு, ஓடியா!" என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூப்பிட்டதும், ஏறியிருந்த காலேஜ் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் எனக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மதினி தலைகுளித்து, சேலை மாற்றி, புளிச்சோறு கட்டி வைத்திருக்கிறாள். காலேஜில் திடீரென்று ஒரு விழா என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவளுடைய வாடாமல்லி நிறப் பட்டுச்சேலையை இரவல் கேட்டேன். அவளே எனக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள்.

"அப்ப நாம அடுத்த வாரம் போவோம், என்ன?" என்றாள். புளிச்சோற்றில் பாதியை எனக்கு டப்பாவில் போட்டுத் தந்தாள்.

படிக்கிணற்றில் அன்று எங்களையும் புறாக்களையும் தவிர யாருமில்லை. படிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. தோழிகளுக்குப் படம் அவ்வளவு ஞாபகமில்லை. நான்தான் எல்லாம் சொன்னேன். இந்தப் படியில்தான் கொலுசு, அந்த வளைவிலிருந்துதான் பாம்பு. "உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்!" என்று வாயைப் பிளந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே மதினியின் சேலையில் ராணி மாதிரி இறங்கி வந்தேன். அந்த அரைநாள் எனக்கு அவள் நினைப்பே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் மறுபடியும் தயாராக நின்றாள். எனக்குப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. அவ்வளவு தூரம் போய்வரச் சோம்பலாகவும் இருந்தது. காலனிக்குப் பின்னால் நடக்கிற தூரத்தில் பெயர் தெரியாத ஒரு கும்மட்டம் இருந்தது. பையன்கள் சுவரில் கோடு போட்டு கிரிக்கெட் ஆடுகிற இடம். அங்கே கூட்டிப்போய், "இதுதான் மதினி" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து, "ஏளா, படி எங்க?" என்றாள்.

"மூடிட்டாங்க மதினி."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "கேமராவுல வேற மாதிரி காட்டுவாங்க போல" என்று எனக்காக அவளே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கே தங்கைக்கு இன்லண்டு லெட்டர் எழுதினாள். ராணி அரண்மனையை நேரில் பார்த்துவிட்டேன், உனக்கும் கொடுத்துவைத்தால் பார்ப்பாய் என்று. அதைப் போஸ்ட் செய்தது நான்தான்.

போட்டோக்கள் வந்ததும் ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்திருந்தேன். நான்கு நாள் கழித்து, மேஜையைத் துடைக்கும்போது புத்தகம் விழுந்திருக்கிறது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மதினி கையில் அதிலிருந்து ஒரு போட்டோ இருந்தது. நீளநீளமான படிகள், அவற்றின் நடுவே அவள் சேலையில் நான்.

"இதான அந்தப் படி?" என்றாள்.

நான் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தேன்.

"நல்லா விழுந்திருக்கு. நீ சிரிக்கது அழகா இருக்கு" என்று சொல்லி, படத்தைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கத்தியிருந்தால், அண்ணனிடம் சொல்லியிருந்தால் தேவலை. "நாளைக்கே போலாம் மதினி, சத்தியமா" என்று பின்னாலேயே போனேன். "வேண்டாம்ளா. பாத்தாச்சுல்லா" என்றாள். அதன்பிறகு அவள் எனக்கு அந்தக் கதையைச் சொல்லவேயில்லை. கோதுமையைப் பேசாமல் பொறுக்கினாள். சில மாதத்தில் அண்ணனுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக மதினி டெல்லி வந்தாள். நான் அப்போது வேலையில் இருந்தேன். ஒருநாள் லீவு போட்டு, எங்கே போகிறோம் என்று சொல்லாமலேயே ஆட்டோவில் ஏற்றினேன். மீட்டரைப் போடச் சொல்லி ஆட்டோக்காரனிடம் அவளே சண்டை பிடித்தாள், சரளமான இந்தியில். சந்துக்குள் இறங்கிப் படிக்கிணற்றைப் பார்த்ததும் சற்று நின்றாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதிவரை இறங்கி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உன் டப்பாவுல போட்டது போக மிச்சச் சோத்த நான் திங்கவேயில்ல, தெரியுமா" என்றாள். "சேலையும் மாத்தல. விழா சீக்கிரம் முடிஞ்சு நீ வந்துருவன்னு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"தப்புதான் மதினி" என்றேன். "எதுக்கு அப்படிச் செஞ்ச?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உங்களைக் கூட்டிப்போக வெட்கமாக இருந்தது என்பதுதான் பதில். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"கேமரா வெச்சிருந்த பொண்ணு, வேற யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டா" என்றேன்.

மதினி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அச்சா" என்றாள். பிறகு எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினாள்.