ட்ரவுட் ஓடைக்கு ஒரு மனு

மீன்பிடி அனுமதி கேட்கும் மனுவுக்கு, சரி என்றோ இல்லை என்றோ உரிய காலத்தில் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. அதை நம்பித்தான் நீலகிரியில் ட்ரவுட் மீன் பிடிக்க எனக்கும் மச்சினனுக்கும் சேர்த்து மனு போட்டேன்.

அவன் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். அடுத்த விடுமுறை எப்போதென்று அவனுக்கே தெரியாது. தோவாளையில் எங்கள் வயல் வரப்பில் நின்று, இறகாலான போலிப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி வீசிப் பழகினான். நான் வரைபடத்தில் தெளிந்து ஓடும் ஓர் ஓடையைத் தேடிப் பிடித்திருந்தேன். பருவமழை இறங்கினால் அது கலங்கிவிடும். பூச்சி மீனின் கண்ணில் படாது.

மீன்வளத்துறை அலுவலகத்துக்குத் தினமும் போன் செய்தேன். "கையெழுத்துக்குப் போயிருக்கு சார்" என்றார்கள். ஓய்வுபெறும் முன் அரசுப் பணியில் இருந்தபோது நானும் சொன்னதுதான். கோப்பு நகரவில்லை என்று அர்த்தம்.

"அத்தான், நேர்ல போய்க் கேப்போம். தரலன்னா கேரட் வாங்கிட்டு வருவோம்" என்றான் அவன்.

"மனு நிலுவையில கெடக்கும்போ போய் நின்னா, நெருக்கடி குடுக்கேன்னு எழுதிருவான்."

"நீங்க எத்தனை பேருக்க மனுவ இப்பிடிப் போட்டு வச்சிருந்தியளோ!" என்றாள் என் மனைவி. அவள் தம்பி சிரிக்கவில்லை.

மலையில் மழை தொடங்கியதாகச் செய்தி வந்த மாலை, அவன் தூண்டிலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான்.

அனுமதி வந்தது, அவன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிய திங்கட்கிழமை.