தைத்து மூடிய பாக்கெட்

நகரத்து ஹோட்டல் ஒன்றில் பிரிஜட் பத்தொன்பது வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறாள். போன மாதம் அங்கே தங்கியிருந்த ஒருத்தி, தோட்டைக் காணோம், சுத்தம் செய்ய வந்தவள்தான் எடுத்திருப்பாள் என்று கத்தினாள். கடைசியில் அது கத்தியவளின் கைப்பைக்குள்ளேயே கிடைத்தது. மன்னிப்பு வரவில்லை, புதுச் சீருடைதான் வந்தது, பாக்கெட்டுகளையெல்லாம் தைத்து மூடி. மூச்சிரைத்தால் எடுக்க வேண்டிய இன்ஹேலரை பிரிஜட் எங்கே வைப்பாள்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சந்தேகம் எல்லாம் இல்லக்கா, எல்லாருக்கும் ஒரே ரூல்தான்லா,” என்றார் மேனேஜர் சுஜீந்திரன், கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டபடி.

பிரிஜட் தள்ளுவண்டியில் இருந்த ஊசிநூல் பொட்டலத்தைப் பிரித்தாள். தங்க வருகிறவர்களுக்கு ஹோட்டல் இலவசமாகக் கொடுப்பது.

“அப்ப கையை வெளிய எடுங்க சார். உங்களோடதையும் தைச்சுடுறேன்.”