வாளியில்லாத படம்

இலவசம் என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்துச் சனம் தலைமயிரைக் கோதிவிட்டுக்கொள்ளும். படம் எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வன்னியில் சும்மா கிடைத்த எதுவும் படமில்லாமல் கிடைத்ததில்லை. மண்வெட்டியோ, கோழிக்குஞ்சோ, பாய் தலையணையோ, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். கமராவைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் சிரிக்கவும் வேண்டும். என்னையும் அப்படி ஒரு படம் எடுத்தார்கள். தையல் மெசினைத் தூக்க முடியாததால் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குத் தைக்கத் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது மாங்குளத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், பைக்கற்றுகளுக்கு ஒட்டும் லேபல் எல்லாம் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பேன். அதற்கான படங்களை இணையத்தில் தேடுவேன். களவெடுப்பதில்லை. யாரும் பாவிக்கலாம், என் பெயரைப் போட்டால் போதும் என்று எடுத்தவர்களே எழுதிவைத்த படங்களுக்கென்று தளங்கள் இருக்கின்றன. திறந்த உரிமம் என்பார்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து ஓர் அக்கா வந்தார். நெத்தலிக் கருவாடு காயவைத்து விற்கிறவர். கொழும்பில் ஒரு கடை அவருடைய பைக்கற்றை எடுக்கச் சம்மதித்திருந்தது. லேபல் வேண்டும், அதில் எங்கள் கடற்கரைப் பெண் ஒருத்தியின் படம் வேண்டும் என்றார். பக்கத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டுத் தேடினேன்.

மீன்காரி என்று தேடினால் வேறு நாட்டுக் கடற்கரைகள் வந்தன. முல்லைத்தீவு என்று தேடினால் எரிந்த பஸ், உடைந்த சுவர், முள்ளுக்கம்பி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாக இங்கே ஒருவரும் சோறு சமைக்கவில்லையா, பெருநாள் கொண்டாடவில்லையா? இன்னும் கீழே போனால் உதவி வாங்கும் படங்கள். கூடாரம் வாங்குகிறார்கள், கோழி வாங்குகிறார்கள், வாளி வாங்குகிறார்கள்.

அக்கா திரையில் விரலை வைத்தார்.

“உதில நிக்கிறது நான்.”

நீல வாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு நிறுவனத்தின் பதாகை தெரிய, பத்துப் பன்னிரண்டு வயது குறைந்த அக்கா நின்றார். கீழே, உதவி பெறும் பெண் என்று எழுதியிருந்தது. எடுத்தவரின் பெயரைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றும் இருந்தது.

“அந்த வாளி அடுத்த மாரிக்கே வெடிச்சுப் போச்சு,” என்றார். “படம் இன்னும் கிடக்குதோ?”

“ஓம் அக்கா. ஆரும் எடுத்துப் பாவிக்கலாமெண்டு விட்டிருக்கினம்.”

“என்னட்டை ஆர் கேட்டது?”

நீக்கச் சொல்லி எழுதிப் பார்க்கலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“வாளிக்கும் வரிசையில நிண்டனான். இனி என்ர முகத்துக்கும் போய் அவையிட்ட மண்டாடுறதோ? வேற படம் எடு, பிள்ளை. லேபலுக்கும் அதுதான். அந்தப் படம் கிடக்கிற இடத்திலயே அதையும் போடு.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு கடற்கரையில் அவர் மீன் காயவிடும் வாடிக்குப் போனேன். கம்பு நட்டு வலை கட்டிய தட்டுகளில் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. பைக்கற்றைக் கையில் கொடுத்துத் தள்ளி நின்றேன். அவருடைய இரண்டு கையும் தாமாக உயர்ந்தன. பைக்கற்று நெஞ்சுக்கு நேரே வந்தது, முகத்தில் அந்தச் சிரிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது. கையைக் கீழே விடச் சொன்னேன். விட்டார். போனைத் தூக்கியதும் கை திரும்ப மேலே போனது. என்ன சொல்லியும் சரிவரவில்லை. நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். அவரை அல்ல.

“அக்கா, இந்தப் பைக்கற்று உங்களுக்கு ஆர் தந்தது?”

“ஆர் தாறது? நான் காயவிட்டது.”

“பிறகேன் வாங்கினமாதிரிப் பிடிக்கிறியள்?”

தன் கைகளைக் குனிந்து பார்த்தார். பிறகு பைக்கற்றை ஓரமாக வைத்துவிட்டு, என்னை மறந்தவர் போல மீனைப் பிரட்டத் தொடங்கினார். கிட்டப் போனேன். சட்டென்று நிமிர்ந்து விரலை நீட்டினார்.

“தள்ளி நில்லு. உன்ர நிழல் மீனில விழுது.”

அந்தக் கணத்தில் எடுத்ததுதான் படம். நீட்டிய விரல், சுருங்கிய நெற்றி, பின்னால் கடல்.

அங்கேயே இருந்து தளத்தில் ஏற்றினேன். எந்த உரிமம் என்று கேட்ட இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. திறந்து விட்டால் யாரும் எடுக்கலாம், வெட்டலாம், விற்கவும் செய்யலாம் என்று அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். “லேபலோட நிப்பாட்டுவம்,” என்றேன்.

“திறந்து விடு,” என்றார். “இதைப் பூட்டி வைச்சா எல்லாரும் அந்த வாளிப் படத்தைத்தானே எடுப்பினம்?”

விவரமும் அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன்: முல்லைத்தீவில் கருவாட்டுத் தொழில் நடத்தும் பெண். படமெடுப்பவளை ஏசுகிறார்.

சில நாளில் அந்தத் தளத்தில் வேலை செய்யும் தொண்டர் ஒருவர் படத்தின் கீழே ஒரு கேள்வி எழுதியிருந்தார். படத்தில் இருப்பவரின் சம்மதம் பெறப்பட்டதா? நியாயமான கேள்விதான். வாளிப் படத்தின் கீழே போய்த் தேடினேன். அங்கே அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. அக்காவுக்குக் கோல் எடுத்து இரண்டையும் சொன்னேன்.

“இதுக்கு ஓமெண்டு எழுது,” என்றார். “அதுக்குக் கீழயும் போய், இல்லையெண்டு எழுது.”

இரண்டையும் எழுதினேன்.